பேஸ்ட் மாற்றினால் தீராத சூடு

மேசைக் கணினியின் ப்ராசசர் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் அது பழுது. பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது போட வேண்டும், தூசி தட்ட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் பெரிய கூலர் வாங்க வேண்டும். சர்வீஸ் கடைகளிலும் கணினி தெரிந்த நண்பர்களிடமும் இந்த வைத்தியம்தான் நிலைத்துப் போயிருக்கிறது. இதில் தூசியைப் பற்றிய பகுதி ஓரளவு சரி. மற்றதெல்லாம் ஒரு தவறான அனுமானத்தின் மேல் நிற்கிறது: திரையில் தெரியும் டிகிரி எண்தான் நோய் என்ற அனுமானம். அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. எத்தனை வாட் மின்சாரத்தை ப்ராசசர் விழுங்கிக்கொண்டிருந்தபோது, எவ்வளவு சூடான அறையில், எவ்வளவு வேகத்தில் அந்த எண் ஏறியது என்பது தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ப்ராசசரின் சிலிக்கான் சில்லுக்குள் ஒவ்வொரு கோருக்கும் அருகே உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. திரையில் காட்டப்படுவது பெரும்பாலும் அவற்றுள் மிகச் சூடான புள்ளியின் அளவு. சில்லு முழுவதன் சராசரி அன்று. இன்டெல் ப்ராசசர்களில் உணரி நேரடியாக வெப்பநிலையைக்கூடச் சொல்வதில்லை. டிஜே மேக்ஸ் எனப்படும் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதம் என்பதைத்தான் சொல்கிறது. மென்பொருள் அதை வரம்பிலிருந்து கழித்துக் காட்டுகிறது. ஏஎம்டி 2017-இல் வெளியிட்ட ரைசன் 7 1800எக்ஸ், 1700எக்ஸ் ஆகிய ப்ராசசர்கள் உண்மையான அளவோடு 20 டிகிரியைக் கூட்டி அறிவித்தன. எல்லா மாடல்களுக்கும் ஒரே ஃபேன் வேக அட்டவணை பொருந்த வேண்டும் என்பதற்காக நிறுவனமே செய்த ஏற்பாடு அது. இதை அறியாத மென்பொருள் 80 என்று காட்டியபோது சில்லு 60-இல்தான் இருந்தது. அந்த 80-ஐ நம்பிப் பேஸ்ட் மாற்றியவர்கள் எத்தனை பேரோ.

டிகிரியைக் கண்டு அஞ்சும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் பிடித்துக் காட்டியது. ஏஎம்டியின் அத்லான் ப்ராசசர் நொடிகளில் கருகிப் புகைந்தது. இன்டெல்லின் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஓடியது. அத்லானைக் கொன்றது தற்காப்பு இல்லாமை. அந்தத் தற்காப்பு அதன் பிறகு எல்லா ப்ராசசர்களுக்கும் வந்துவிட்டது. வரம்பை நெருங்கினால் சில்லு தன் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கும். அதையும் மீறி ஏறத்தாழ 20 டிகிரிக்கு மேல் ஏறினால் மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். ஆனால் அச்சம் மட்டும் 2001-லேயே நின்றுவிட்டது.

இன்றைய ப்ராசசர்கள் அந்தத் தற்காப்பைக் கடைசிப் புகலிடமாக வைத்திருப்பதும் இல்லை. வரம்பை ஒட்டியே அன்றாடம் ஓடுகின்றன. 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசை வந்தபோது, முழுச் சுமையில் 95 டிகிரியில் நிற்பது திட்டமிட்ட நடத்தை என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொன்னது. அந்த வரிசையின் 7950எக்ஸ் ப்ராசசர் 230 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பங்கு, ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டரே உள்ள இரண்டு சில்லுகளில் பிரிந்து இறங்குகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் அதே பரப்புக்கு 0.05 வாட்தான் விழும். இவ்வளவு நெருக்கமான வெப்பத்தை எந்தக் கூலராலும் உடனுக்குடன் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. பெரிய கூலர் மாட்டினால் என்ன ஆகும்? கிடைத்த இடைவெளியைச் சில்லு வேகமாக மாற்றிக்கொள்ளும். கடிகாரம் சற்று ஏறும். எண் மறுபடியும் 95-இல் வந்து நிற்கும். செலவழித்தவர் ஏமாந்துபோனதாக நினைப்பார். உண்மையில் கூலர் வேலை செய்திருக்கிறது. பார்க்க வேண்டிய எண்ணைத்தான் அவர் பார்க்கவில்லை.

அந்த எண் வாட். இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் 95 டிகிரி, இரண்டும் 35 டிகிரி அறையில் இருக்கின்றன. ஒன்று 230 வாட் இழுக்கிறது, மற்றது 65 வாட். முதலாவதில் அறையைவிட 60 டிகிரி உயர்வை 230-ஆல் வகுத்தால் வாட்டுக்கு கால் டிகிரியைச் சற்றே தாண்டும். நல்ல கூலர், குறையில்லாத பொருத்தம். இரண்டாவதில் வாட்டுக்கு 0.9 டிகிரிக்கும் மேல். வெப்பம் எங்கோ அடைபட்டிருக்கிறது. டிகிரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நோய். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலைக்குச் சில வரிகள் தள்ளி ப்ராசசர் இழுக்கும் வாட்டும், ஒவ்வொரு கோரின் கடிகார வேகமும், வரம்பு தொட்டதால் வேகம் குறைக்கப்பட்டதா என்ற ஆம்–இல்லை குறிப்பும் இருக்கின்றன. ஒரே திரையில் இருப்பவற்றுள் ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் நடைமுறையாக இருக்கிறது. வெவ்வேறு சில்லுகளை இந்தக் கணக்கால் ஒப்பிடுவது முழுச் சரியாகாது. சில்லின் பரப்பு மாறினால் விடையும் மாறும். ஆனால் ஒரே கணினியைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட இதைவிட நம்பகமான அளவு இல்லை.

இனி பேஸ்ட். கூலரின் அடித்தட்டும் ப்ராசசரின் உலோக மூடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் பேஸ்ட்டின் வேலை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடியின் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர், பேஸ்ட் படலத்தின் தடிமன் 50 மைக்ரான், வெப்பக் கடத்துத்திறன் 5 அலகு, ஓடும் வெப்பம் 100 வாட் என்று கொண்டால், அந்தப் படலத்தில் விழும் வெப்பநிலை வேறுபாடு 1 டிகிரியைச் சற்றுத் தாண்டும். விலை பல மடங்கான, 10 அலகு கடத்துத்திறன் கொண்ட பேஸ்ட்டைப் போட்டால் அது அரை டிகிரி ஆகும். வெப்பம் மூடி முழுவதும் பரவாமல் நடுவில் 2 சதுர சென்டிமீட்டரில் குவிகிறது என்று கடுமையாகவே எடுத்துக்கொண்டாலும் 5 டிகிரிக்கும் இரண்டரை டிகிரிக்குமான பேச்சுதான். அதே 50 மைக்ரானில் பேஸ்ட்டே இல்லாமல் காற்று மட்டும் நின்றால், மூடி முழுவதும் வெப்பம் பரவுவதாகக் கொண்டாலும் வேறுபாடு 200 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகப் பேஸ்ட் இருக்கிறதா, இல்லையா என்பது பெரிய கேள்வி. எந்த பிராண்டு, எத்தனை மாதப் பழசு என்பது சிறிய கேள்வி. பேஸ்ட் பல ஆண்டுகளில் காய்ந்து வெடிப்பதும், சூடேறி ஆறுவதால் ஓரங்களுக்குப் பிதுங்குவதும் உண்மை. அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது கடைக்கு வருமானம். கணினிக்குப் பயன் இல்லை.

சொல்லப்போனால் ஆபத்தும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசசரின் அடியில்தான் பின்கள் இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்புகோல் அவற்றைப் பக்கவாட்டில்தான் இறுக்கிப் பிடிக்கிறது, மேலிருந்து அழுத்தும் சட்டம் கிடையாது. கெட்டியாகிப்போன பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். கூலரின் அடியில் தலைகீழாக ஒட்டித் தொங்கும் ப்ராசசரை நெம்பி எடுக்கும்போது மூலையில் உள்ள நான்கைந்து பின்கள் சாய்ந்துவிடும். கணினியைச் சில நிமிடம் சுமையில் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடவலமாகத் திருகிப் பிடி விட்ட பிறகு தூக்குவதே முறை. நன்றாக ஓடிய கணினியைத் தேவையில்லாமல் திறந்து பின்னை வளைத்த பிறகு, பழைய பேஸ்ட்டின் மேல் பழி போட முடியாது.

பேஸ்ட் மாற்றியதும் சூடு குறைந்ததே, அது பொய்யா என்று கேட்கலாம். குறைந்தது உண்மைதான். ஆனால் பேஸ்ட்டை மாற்ற வேண்டுமானால் கூலரைக் கழற்றி மறுபடி மாட்டியாக வேண்டும். அப்போது அழுத்தமும் சரியாகிறது. புகழ் முழுவதும் பேஸ்ட்டுக்குப் போகிறது. இன்டெல் பெட்டியோடு தரும் வட்டமான கூலரைப் பார்த்தால் இது விளங்கும். அதற்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொரு காலிலும் பிளவுபட்ட வெள்ளை முனை போர்டின் துளைக்குள் இறங்க வேண்டும், அதன் நடுவே கறுப்பு ஊசி அழுந்தி முனையை விரிக்க வேண்டும், கிளிக் என்று சத்தம் வர வேண்டும். மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்தாமல் வரிசையாக அழுத்தினால் கடைசிக் கால் பாதிதான் இறங்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோல்தான் இருக்கும். போர்டின் பின்புறம் பார்த்தால்தான் ஒரு துளையில் வெள்ளை முனை விரியாமல் இருப்பது தெரியும். அந்த மூலையில் கூலர் தலைமுடி அளவு தூக்கி நிற்கும்; எந்தப் பேஸ்ட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது. புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரிக்காமலேயே மாட்டிவிடுவதும் அரிதான தவறு அன்று.

இடைவெளிதான் பிரச்சினை, பேஸ்ட்டின் தரம் அன்று என்பதற்கு இன்டெல்லின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ் ப்ராசசர்களில் சில்லுக்கும் உலோக மூடிக்கும் நடுவே ஈயப்பற்றுக்குப் பதில் பேஸ்ட் வைக்கப்பட்டது. சூடு ஏறியதும் ஆர்வலர்கள் மட்டமான பேஸ்ட் என்று கொதித்தார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் கண்டது வேறு: மூடியை ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பசைதான் அதைச் சில்லின் மேல் சரியாக உட்காரவிடாமல் உயர்த்திப் பிடித்திருந்தது. அந்தப் பசையைச் சுரண்டிவிட்டு மூடியைப் பொருத்தியதும் சூடு நன்றாக இறங்கியது. 2021 இறுதியில் வந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டிலும் இதே கதைதான். நீளமான ப்ராசசரை நடுவில் மட்டும் அழுத்தும் சட்டம் அதை மெல்ல வளைத்தது. கூலர் முழுப்பரப்பிலும் படியவில்லை. அதற்காகவே தனிச் சட்டங்கள் விற்பனைக்கு வந்தன.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. எண் ஏறும் வேகமே சொல்லிவிடும். அலுமினியமும் செம்புமாக முக்கால் கிலோவை ஒட்டிய ஹீட்சிங்கை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 500 ஜூல் தேவை. 100 வாட் சுமையில் அதற்கு 5 விநாடி ஆகும். அப்படியானால் சுமை கொடுத்த முதல் விநாடியிலேயே எண் 45-இலிருந்து 85-க்குத் தாவினால் அதில் ஹீட்சிங்குக்கும் ஃபேனுக்கும் எந்தப் பங்கும் இருக்க முடியாது; அவை இன்னும் சூடாகவே தொடங்கவில்லை. அந்தத் தாவல் சில்லிலிருந்து கூலரின் அடித்தட்டு வரையிலான பாதையில் நடக்கிறது: அழுத்தம், பேஸ்ட், அல்லது அளவுக்கு மீறிய மின்னழுத்தம். மாறாக, எண் 70-இல் கொஞ்ச நேரம் நின்று, கால் மணி நேரத்தில் படிப்படியாக 90-க்கு வந்தால் குற்றவாளி கேபினட்டுக்குள் தேங்கும் காற்று. கையும் உதவும். ப்ராசசர் 95 என்கிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் ஹீட்சிங்கின் தகடுகளும் வெளிவரும் காற்றும் குளிர்ச்சியாக இருக்கின்றன என்றால் வெப்பம் அங்கே வந்து சேரவேயில்லை. தகடுகள் தொட முடியாதபடி கொதித்தால் அதை அகற்றக் காற்று போதவில்லை. நீர்க் கூலரில் குழாய்களும் ரேடியேட்டரும் சில்லென்று இருக்க, பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே எண் மேலே ஏறினால் பம்ப் ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

தேங்கும் காற்றைச் சோதிக்கப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாலே போதும். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் கக்க, நிமிடத்துக்கு 40 கன அடி காற்று மட்டும் பெட்டிக்குள் ஓடினால், உள்ளே உள்ள காற்று வெளியைவிட 13 டிகிரி சூடாக இருக்கும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் அது பாதியாகும். தகட்டைக் கழற்றியதும் எண் பத்து டிகிரி இறங்கினால் விற்கும் கூலர்களில் மிகப் பெரியதை வாங்கினாலும் பயனில்லை, அதுவும் அதே வெந்த காற்றைத்தான் உள்ளிழுக்கும். ஒரு ஃபேன் முன்னால் உள்ளிழுக்கவும் ஒன்று பின்னால் வெளித்தள்ளவும் வேண்டும். தகட்டை நிரந்தரமாகத் திறந்துபோட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது சோதனையை மருந்தாக்கிக்கொள்வது. அதனால் தூசிதான் சேரும்.

அறையையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். கூலர்களைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் 20-ஐச் சற்றுத் தாண்டிய ஏசி அறையில் சோதிக்கிறார்கள். மே மாத வேலூரில், ஏசி இல்லாத மாடி அறையில் 38 டிகிரி சாதாரணம். சோதனையில் 72 காட்டிய கூலர் அங்கே 88 காட்டினால் அது பழுது ஆகவில்லை. கழித்தல் கணக்கு அவ்வளவுதான்.

கணினி திடீரென்று அணைந்துவிட்டால் உடனே சூடு என்று சொல்லிவிடுவது இன்னொரு வழக்கம். சில்லு சூட்டால் அணைவதற்கு முன் வரம்பைத் தொட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். கணினி தள்ளாட வேண்டும். கூலரே கழன்று விழுந்தாலொழிய இந்த இடைநிலை இல்லாமல் போகாது. கடைசியாகப் பதிவான வெப்பநிலை 75, வேகக் குறைப்பு எதுவும் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டு முழுச் சுமை எடுத்த கணத்தில் திரை இருண்டது என்றால் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். அல்லது வீட்டின் லோ வோல்டேஜ், தேய்ந்துபோன யூபிஎஸ் பேட்டரி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பைக் காட்டி வாதிடுவதும் பயனற்றது. முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ப்ராசசர் 60 டிகிரியில்தான் இருக்கிறது, ஆனால் வேகம் திடீரென்று அடிமட்டத்துக்குப் போகிறது. மலிவான போர்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சீராக்கிப் பகுதி வெந்துபோய் ப்ராசசரை மெதுவாக ஓடச் சொல்கிறது. டிகிரியையே நோயாகப் பார்ப்பவர் இங்கே நோயே இல்லை என்று சொல்லிவிடுவார்.

அடக்க முடியாத சூட்டுக்குப் பல புதிய கணினிகளில் காரணம் பயாஸில் இருக்கிறது. விளையாட்டுக்கென விற்கப்படும் மதர்போர்டுகள் பல, ப்ராசசர் நிறுவனம் குறித்த மின் வரம்பைத் தாமாகவே தூக்கிவிடுகின்றன. வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் 4095 வாட் என்று எழுதியிருக்கும். வரம்பே இல்லை என்பதுதான் அதன் பொருள். 125 வாட் அடிப்படையும் 253 வாட் உச்சமும் குறிக்கப்பட்ட கோர் ஐ9-13900கே அதற்குமேலும் இழுக்கும்போது கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே இயற்பியல் பயனருக்குச் சாதகமாக இருக்கிறது. மின்னழுத்தத்தின் வர்க்கமும் கடிகார வேகமும் பெருகித்தான் மின்நுகர்வு அமைகிறது. இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தால் நுகர்வு 27 சதவீதம் குறைகிறது. ரைசன் 7000-இல் ஈகோ மோடு என்ற ஒரே தேர்வு இதைச் செய்துவிடும். இன்டெல் போர்டுகளில் நீண்டகால, குறுகியகால வரம்புகளை நிறுவனத்தின் அளவுக்கே இறக்கிவிட்டால் போதும். காசு செலவில்லாத இந்த வைத்தியம் கடைசியில் கூடச் சொல்லப்படுவதில்லை.

சூட்டில் ஓடினால் ஆயுள் குறையுமே என்ற எதிர்வாதம் வலுவானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று சொல்லப்படும் சூத்திரம் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கான தோராயக் கணக்கு. ப்ராசசருக்கு அப்படியே பொருந்தாது. சில்லின் உலோகக் கம்பிகள் மின்னோட்டத்தால் அரிபடுவதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969-இல் தந்த சமன்பாட்டில் வெப்பநிலையோடு மின்னோட்ட அடர்த்தியும் ஒரு காரணி. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசை ப்ராசசர்கள் நிலைகுலைந்தபோது இது நடைமுறையிலேயே தெரிந்தது. சில்லுக்குள் இருந்த கடிகாரச் சுற்று, மிகையான மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்ததால் முதுமை அடைந்தது என்று இன்டெல் அறிவித்தது. மருந்தாக ஆகஸ்டில் வந்தது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகோடு. கூடவே இரண்டு ஆண்டு கூடுதல் உத்தரவாதம். ப்ராசசர் சும்மா கிடக்கும் நேரத்திலும் மிகையான மின்னழுத்தம் கேட்கப்பட்டது. அப்போது டிகிரி எண் அமைதியாகவே இருந்திருக்கும். அந்தப் ப்ராசசர்களுக்கு விலையுயர்ந்த கூலர் மாட்டியவர்கள் தப்பிக்கவில்லை. பயாஸைப் புதுப்பித்தவர்களுக்கு, ஏற்கெனவே சேதம் நேர்ந்திராவிட்டால், அது உதவியது.

பழைய வைத்தியம் செல்லுபடியாகும் இடங்களும் இருக்கின்றன. சென்ற ஆண்டு 70 காட்டிய அதே கணினி, அதே அறை வெப்பத்தில், அதே வாட்டில் இன்று 90 காட்டினால் தூசியைத் தேடத்தான் வேண்டும். அது ஃபேனின் இறக்கைகளில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல் படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. புளோயரால் ஊதும்போது இறக்கையைக் குச்சியாலோ விரலாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் தாங்கும் வேகத்தைத் தாண்டிச் சுற்றித் தாங்குருளை கெடும். சுத்தம் செய்த பிறகும் எண் இறங்காமல், சுமை கொடுத்த முதல் விநாடியிலேயே தாவினால், அப்போது கூலரைக் கழற்றலாம். பழைய படலம் கூலரின் அடித்தட்டில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் வெறுமையாகவும் பதிந்திருந்தால் கால்களையும் திருகுகளையும் சரிபார்க்க வேண்டும். எங்கும் சீராகப் படிந்து காய்ந்து வெடித்திருந்தால் மட்டும் பேஸ்ட்டை மாற்றலாம்; கடையில் கிடைக்கும் எதுவும் சரி, நடுவில் ஒரு பட்டாணி அளவு.